ஏழு நாள் நகல்கள்

சர்வர் அறையில் எப்போதும் குளிர் அதிகம். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் வேலை பார்ப்பேன். என் மச்சினி பின்னிக் கொடுத்தது. இன்றும் அதைத்தான் போட்டிருக்கிறேன், ஐயா.

ஆஸ்பத்திரி சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தினமும் மதியம் இரண்டு மணிக்குத் தனியாக ஒரு இயந்திரம் சர்வர் முழுவதையும் அப்படியே நகலெடுத்து வைக்கும். முப்பது நாள் நகல்கள் இருக்கும். அதற்கும் பழையது தானாகவே அழிந்துவிடும். முப்பது என்பது நான் வைத்த எண்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நண்பகலில், சோதித்துப் பார்க்காமல் ஒரு அப்டேட் போட்டேன். சோம்பல்தான், வேறொன்றுமில்லை. சர்வரின் கடிகாரம் ஐந்து மணி நேரம் பின்னால் போய்விட்டது. காலை எட்டு மணிக்கு வேறொரு நர்ஸ் போட்ட ஊசியை, இனிமேல்தான் போட வேண்டும் என்று வார்டு திரை காட்டியது. அதே வார்டில் நர்ஸாக இருந்த என் மச்சினி ஒரு மணிக்கு வேலைக்கு வந்து, திரையை நம்பி மறுபடியும் போட்டாள். நோயாளி இறந்துபோனார்.

மூன்று மணிக்குக் கடிகாரத்தைச் சத்தமில்லாமல் சரிசெய்தேன். தவறான நேரம் இரண்டு மணி நகலில் மட்டும் மிச்சமிருந்தது. எனக்கு இரண்டு பிள்ளைகள், பதினாறு வருட வேலை. அவளோ தனி ஆள். முப்பதை ஏழாக்கினேன். இடம் போதவில்லை என்று காரணம் எழுதினேன்.

மறுநாளே ஓடி வந்தாள்.

"அத்தான், இன்னும் போடலன்னுதான் திரையில இருந்துச்சு. சத்தியமா. நேத்து நகல் இருக்கும்ல? நீங்க பாத்தா தெரிஞ்சிடும்."

"பாக்குறேம்மா," என்றேன். தினமும் வந்தாள். தினமும் அதையே சொன்னேன்.

அடுத்த செவ்வாய் ஒன்றரைக்கு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "நாளைக்கு விசாரணை. உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா, அத்தான்?"

காப்பி வாங்கிக் கொடுத்தேன். பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். இரண்டு மணியாகி, புதிய நகல் ஏறி, போன செவ்வாய் நகல் தானாக அழியும்வரை பேசினேன். பிறகு அவள் கண்ணெதிரே தேடினேன்.

"இல்லம்மா."

அவளுக்கு மூன்று வருடத் தண்டனை. வாராவாரம் என் மனைவியைச் சிறை வாசலில் இறக்கிவிடுவேன், உள்ளே போவதில்லை. அத்தான் தனக்காக எவ்வளவு தேடினார் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

முப்பது ஏழான தேதியை நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். மாற்றியது நான்தான். ஆனால் ஒரு நகலைக்கூட நான் கையால் அழிக்கவில்லை. அவளெதிரே தேடியபோது அது உண்மையிலேயே அங்கே இல்லை. அந்தப் பிள்ளையிடம் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை, ஐயா.