அரிக்காத பஞ்சு

என் பெயர் மாதேஷ், வயது 39, தகப்பனார் பெயர் கண்ணுசாமி. சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் சொந்த வீட்டில் மனைவி அனிதாவுடன் குடியிருக்கிறேன். தனியார் பள்ளியில் பஸ் டிரைவர். எங்கள் கார் ஷெட் எரிந்தது சம்பந்தமாகத் தாங்கள் விசாரிக்க நான் சொல்வதாவது:

காரை விற்ற பிறகு அந்த ஷெட்டில் என் மனைவி தையல் மெஷின் போட்டுத் துணி தைத்து வந்தார். கூரையும் பக்கச் சுவர்களும் தகரம் என்பதால் பகலில் உள்ளே உட்கார முடியாது. அவருடைய அண்ணன், அதாவது என் மச்சான் செந்தமிழன், நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறார். குளிர்சாதன வண்டிகளுக்கு உள்ளே அடைக்கும் கல்பஞ்சு வெப்பத்தைத் தடுக்கும், தீயும் பிடிக்காது, நாமே அடித்துக்கொள்ளலாம் என்று சொல்லி ஒரு வேன் நிறையக் கொண்டுவந்து இறக்கினார். அதன் பிறகு நான் இரும்புச் சட்டம் அடித்து, பஞ்சை ரம்பக் கத்தியால் அறுத்துச் சட்டங்களுக்கு இடையே செருகி, மேலே பிளைவுட் வைத்து மூடினேன். முழுக்கைச் சட்டையும் மாஸ்க்கும் போட்டும் உடம்பெல்லாம் அரித்தது, அதை மச்சானிடமும் சொன்னேன். கூரைக்கும் கிழக்குச் சுவருக்கும் அது சரியாகப் போயிற்று.

மேற்குச் சுவருக்கு மச்சான் இரண்டாவது முறை கொண்டுவந்த பஞ்சு முதலில் வந்ததைப் போலக் கம்பெனி உறையில்லாமல் சணல் கயிற்றில் கட்டியிருந்தது. மெத்தென்று இருந்தது. கேட்டதற்கு, "இது புதுசா வந்திருக்குதுங்க மாப்ள, அரிக்காது" என்றார். எனக்கும் அது நிம்மதியாகவே இருந்தது. மாஸ்க் இல்லாமலே அடித்து முடித்தேன்.

கடந்த செவ்வாய்க்கிழமை மதியம் நான் வீட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மனைவி கூப்பிட்ட சத்தம் கேட்டு ஓடினேன். இஸ்திரிப் பெட்டி பிளக்கில் பொறி பறந்ததாகச் சொல்கிறார். மேற்குச் சுவரில் பிளைவுட்டுக்குப் பின்னால் தீ ஏறிக்கொண்டிருந்தது. வெளியே வர வழி அந்தப் பக்கம்தான். அவரை இழுத்துக்கொண்டு வரும்போது சுவரிலிருந்து உருகிச் சொட்டியது அவருடைய வலது கையில் ஒட்டிக்கொண்டது. நான் துடைத்தேன். தோலும் கூட வந்தது.

அதன் பிறகு அரசு மருத்துவமனையில் சேர்த்தேன். அன்று மாலை மச்சான் வந்தார். தீ எப்படிப் பிடித்தது என்று கேட்கவில்லை. தங்கையின் கையைப் பார்த்துவிட்டு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "அந்தப் பஞ்சு மிச்சம் ஏதாச்சும் கெடக்குதுங்களா?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

மறுநாள் காலை ஷெட்டைப் போய்ப் பார்த்தபோது கிழக்குச் சுவர்ப் பஞ்சு கருகியிருந்தாலும் அப்படியே நின்றது. மேற்குச் சுவரில் தகரத்தையும் இரும்புச் சட்டத்தையும் தவிர ஒன்றும் இல்லை, தரை கூட்டப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டு வேளாங்கண்ணி அம்மாளைக் கேட்டேன். "உங்க மச்சான் விடியறப்பவே வேன் கொண்டாந்து அள்ளிட்டுப் போனாருங்க. நீங்கதான் அனுப்புனீங்கன்னு நெனச்சேன்" என்றார். மேற்குச் சுவர் வேலை முடிந்தபோது நான் வெளியே எறிந்த பஞ்சுத் துண்டு ஒன்றை அந்த அம்மாள் தன் நாய்க்குப் படுக்கையாகப் போட்டிருந்தார். அதில் ஒரு பிடி பிய்த்துத் தீக்குச்சி வைத்தேன். எரிந்து உருகிச் சொட்டியது. லாரி சீட்டுக்குள் வைக்கும் பாலியஸ்டர் பஞ்சு என்று நினைக்கிறேன். மீதியைத் தங்களிடம் ஒப்படைத்திருக்கிறேன்.

அதன் பிறகு மச்சானுக்குப் போன் செய்து கேட்டேன். "அரிக்குது அரிக்குதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். மட்டமான பஞ்சை நானே கடையில் வாங்கி அடைத்ததாக அவர் தங்களிடம் சொல்லியிருப்பது உண்மையல்ல. மேற்குச் சுவருக்கு வர வேண்டிய கல்பஞ்சு எங்கே போயிற்று என்பதும், இது தீப்பிடிக்கும் என்று அவருக்கு முன்பே தெரியுமா என்பதும் எனக்குத் தெரியாது.

இதை மனைவியிடம் சொல்ல இரண்டு நாள் தயங்கினேன். சொன்னபோது அவர் அழவில்லை. "ஸ்டேசனுக்கு நானும் வாரேன்" என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், தனியாக வாக்குமூலம் கொடுப்பார். கையெழுத்துப் போடவோ வலது பெருவிரல் ரேகை வைக்கவோ அவரால் முடியாது. இடது பெருவிரலை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவும் நான் யாருடைய தூண்டுதலும் இல்லாமல் சொன்னது. எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, நடந்ததும் இதுவே.

(ஒப்பம்) க. மாதேஷ்