எண்ணின பெட்டிக்கு ஒரு கோடு

ஹலோ... சொல்லுடா தம்பி, அக்காதான். ஏன்டா இப்படி மூச்சு வாங்குது? ... என்னது? ... வேலையா? உனக்கா? ... இரு இரு, மெதுவா சொல்லு. நான் ஆபீஸ்ல இருக்கேன். நீ கத்தறது பக்கத்து சீட்டு வரைக்கும் கேக்குது.

ஆமா... ஆமா... ஸ்டாக் எண்ணத்தான் உன்னை ஃபேன் கம்பெனி குடோனுக்கு அனுப்பினாங்க. எண்ணி முடிச்சுட்டியா? ... முடிச்சதும் மேனேஜர் கூப்பிட்டு வேலை தர்றேன்னுட்டாரா? ... அக்கவுண்ட்ஸ் ஆபீசராவா! டேய், உனக்கு காலேஜே இன்னும் ஒரு வருஷம் இருக்கு. லீவுல எங்க ஆடிட் ஆபீஸுக்கு டிரெய்னிங் வந்தவன் நீ. உன் மூஞ்சியப் பாத்து எவன்டா ஆபீசர் வேலை குடுப்பான்? ... சரி சரி, கோவிச்சுக்காதே. அழகான மூஞ்சிதான்.

... சந்தோஷமாத்தான்டா இருக்கு. ... பொறாமையா? அடி வாங்குவ. நானும் இதே கணக்குப் படிப்புதான் படிச்சேன். எத்தனை வருஷம் வவுச்சர் டிக் பண்ணிக்கிட்டுக் கெடந்தேன்! நம்ம படிப்புக்கு வேலை இல்லன்னு சொல்லல. ஆடிட், டாக்ஸ், பேங்க், எங்க வேணா போகலாம். ஆனா யாரும் கூப்பிட்டுக் கையில குடுக்க மாட்டாங்க. அதான் இடிக்குது.

... சாப்பாடு வேற போட்டாங்களா? ... ஏசி ரூம்லயா! ... ஐஸ்கிரீமுமா? எந்தக் குடோன்லயும் எனக்கு ஒரு வாய் தண்ணி குடுத்ததில்லடா. சரி, கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. எத்தனை குடோன்? ... முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. சாப்பிடறதுக்கு முன்னாடி எதை எண்ணின? ... முன்குடோன். சாப்பிட்டுட்டு? ... பின்குடோன். ம்.

சாப்பிடப் போறப்ப முன்குடோனப் பூட்டி சாவிய வாங்கிக்கிட்டியா? ... நீ எதுக்கு வாங்கணுமா! ஆடிட்டிங் பேப்பர்ல எவ்வளவு மார்க் வாங்கின? ... ஆங், அதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல. சரி, சாக்பீஸ் குடுத்தேனே? எண்ணின பெட்டி ஒவ்வொண்ணுலயும் ஒரு கோடு போடுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே?

... போடலையா? ... எக்ஸ்போர்ட் சரக்கு, அழுக்காயிடும்னு மேனேஜர் சொன்னாரா. நீயும் தலையாட்டிட்டியா? ... பெரிய மனுஷர்தான், யாரு இல்லன்னா?

டேய், நீ சாப்பிடறப்ப வெளிய தள்ளுவண்டிச் சத்தம் கேட்டுதா? ... நல்லா யோசிச்சுச் சொல்லு. ... நெறைய நேரமா? ... அய்யய்யோ! ... என்ன ஆச்சா? முன்னாடி எண்ணின பெட்டியவே பின்னாடி தள்ளிட்டுப் போய் உன்னை ரெண்டாவது தடவை எண்ண வச்சிருக்கான்டா!

... சரி, நான் சந்தேகப் பிசாசுதான். பிசாசு சொல்றேன், எழுந்திரு. பாத்ரூம் எங்கன்னு கேட்டுட்டு நேரா முன்குடோனுக்குப் போ. போனை வைக்காதே. ... போயிட்டியா? ... என்ன தெரியுது? ... காலியா? ... முக்கால்வாசி காலியா?

அழாதே. எண்ணின லிஸ்ட்ல கையெழுத்துப் போட்டியா? ... போட்டியா இல்லையா, ஒழுங்கா சொல்லு! ... இன்னும் போடலையா? அப்பாடா. வயித்துல பால வார்த்தடா. அந்த லிஸ்ட்டை நம்பித்தான் பேங்க் அவங்களுக்குக் கடன் குடுக்கப் போகுது. நாளைக்கு கம்பெனி கைய விரிச்சா மாட்டறது நீ. அப்புறம் எந்த ஆபீஸ்லயும் உன்னைக் கணக்குப் பக்கம் சேத்துக்க மாட்டாங்க. அந்த வேலையே இந்தக் கையெழுத்துக்குத்தான்.

... யாரு, நம்ம பாஸா? உனக்கு போன் பண்ணினாரா? ... என்னன்னு? ... சீக்கிரம் போட்டுக் குடுத்துட்டு வான்னா?

இரு...

ஸ்டாக் எண்ண எப்பவும் நான்தான் போவேன். இந்தத் தடவை, தம்பி கத்துக்கட்டும்மா, நீ இங்க இருன்னாரு. நானும் பல்லை இளிச்சுக்கிட்டு தேங்க்ஸ் சொன்னேன். ... ஆமாடா, அவரும் கூட்டுதான். நான் போனா எல்லாப் பெட்டியிலயும் கோடு விழும்னு அவருக்குத் தெரியும்.

... என் வேலையா? போனா போகுது. ... பயமாத்தான்டா இருக்கு, உங்கிட்ட என்ன மறைக்கறது. அதுக்காக நீ போட்டுடாதே. ... ஐயோ, அவரு ரூம் கதவு திறக்குது.

சொல்லுங்க சார். ... ஒண்ணுமில்ல சார், வீட்டுலேர்ந்து. ... ஆமா சார், தம்பிதான். ... எண்ணிட்டான் சார். ... இல்ல சார், போனைத் தர மாட்டேன். ... அவன் போட மாட்டான் சார், நான்தான் வேணாம்னு சொன்னேன். ... தெரிஞ்சுதான் சொல்றேன். ... சரி சார். நாளைலேர்ந்து எதுக்கு நிக்கணும், இப்பவே போயிடறேன். ஆபீஸ் சாவி டிராயர்ல இருக்கு.

டேய், கேட்டுதா? கிளம்பு நீ. ... ஹலோ? யாருங்க? ... ஓ, மேனேஜர் சாரா. வணக்கம் சார். ... எனக்குமா? ... இப்ப வாங்கற சம்பளத்துல ரெண்டு மடங்கா? ...

... இல்ல சார், லைன்லதான் இருக்கேன். ... வேணாம் சார். தம்பிகிட்ட போனைக் குடுங்க. ... நான் போலீசுக்குப் பேசறதுக்குள்ள குடுத்துடுங்க சார்.

டேய், அந்தாளு எனக்கும் வேலை தர்றானாம். ... சிரிக்காதே. பையை எடுத்துக்கிட்டியா? ... கேட்டைத் தாண்டிட்டியா? ... சரி, பஸ் ஏறிட்டுக் கூப்பிடு. ரெண்டு பேருக்கும் வேலை இல்லன்னு அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன். வை.