காலில்தான் அடி

உண்மையைச் சொன்னால் எனக்குச் சறுக்கவே சரியாக வராது. பதினோரு வருடம் ஐஸ் ஹாக்கி ஆடிச் சாப்பிட்டவன் இப்படிச் சொல்வது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். நேராகப் போவேன், நிற்பேன். திரும்ப வேண்டுமென்றால் லாரிக்கு வேண்டிய இடம் எனக்கும் வேண்டும். என்னை டீமில் வைத்திருந்தது சறுக்குவதற்கு அல்ல. இந்தக் கைகளைப் பார்த்தாலே தெரியும். காபிக் கோப்பையின் காதுக்குள் என் விரல் நுழையாது. அதனால்தான் இப்படிச் சட்டிபோல் இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறேன்.

கர்ட் பென்னரின் மனைவி சொன்னதைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அவன் சாவதற்கு முன் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னானாம். சொல்லட்டும். நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் லீக் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் புரிந்துகொள்ள முடியாது. அதனால் வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் கேள்வி கேட்காதீர்கள், எனக்கு எரிச்சல் வரும்.

அந்தக் காலத்தில் எல்லா டீமிலும் என்னைப்போல் ஒருவன் இருப்பான். பக் என்கிற ரப்பர் வட்டை வலைக்குள் தள்ளிக் கோல் போடுகிற பையன்கள் சின்ன உடம்பு, வேகமான கால். அவர்களை யாராவது முரட்டுத்தனமாகத் தொட்டால் நான் போய்க் கையுறையைக் கழற்றி ஐஸில் போடுவேன், சண்டைக்கு வா என்று அர்த்தம். எதிர் டீமில் என் வேலையைச் செய்கிறவன் தன் கையுறையைப் போடுவான். பின்னாலிருந்து அடிக்கக் கூடாது, விழுந்தவனை அடிக்கக் கூடாது. முடிந்ததும் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்து ஒருவர் பிள்ளைகளை ஒருவர் விசாரித்துக்கொள்வோம். பென்னரும் நானும் முதலில் ஒரே டீமில் இருந்தவர்கள். அவன் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் நான்தான். பிறகு எதிரெதிர் டீமில் எத்தனையோ தடவை மூக்கை உடைத்துக்கொண்டோம். அவன்மேல் எனக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை.

கோபம் எமில் லவாலேமேல்தான். அதை ஏன் மறைக்க வேண்டும்?

இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், பிரெஞ்சு பேசுகிறவர்களின் ஊரிலிருந்து வந்த பையன். எலும்பும் தோலுமாக இருப்பான். ஐஸில் இறங்கினால் கண் அவனைத் தவிர வேறு யாரையும் பார்க்காது. கோச் டூலி அவனை என் பக்கத்தில் ஆட விட்டார். வெளியூர் போனால் என் அறையிலேயே படுக்க வைத்தார். இவன் மேல் ஒரு தூசு படக்கூடாது, பட்டால் உன்னைத்தான் கேட்பேன் என்றார். படவில்லை. அந்த வருடம் முழுக்க அவனை ஒருவனும் தொடவில்லை. பையன் கோலாகப் போட்டுத் தள்ளினான். ஈரத் துண்டை என் கட்டிலில் போடுவான், பல் விளக்கும்போது பாட்டு பாடுவான். பொறுத்துக்கொண்டேன்.

ஆனால் குடை நன்றாக இருந்தால், பிடித்துக்கொண்டு போகிறவன் மழையே பெய்யவில்லை என்று நினைப்பான். அடுத்த வருடம் உடை மாற்றும் அறையில், எல்லார் முன்னாலும், என்னைக் காட்டிக் கோச்சிடம் அவன் சொன்னான்:

"பெருசு வந்து சேர்றதுக்குள்ள பக் திரும்பிப் போயிடுது கோச். அஞ்சு பேர் ஆடற இடத்துல நாலு பேர் ஆடற மாதிரி இருக்கு. என்னைத்தான் யாரும் அடிக்கறதே இல்லையே, இன்னும் எதுக்குக் காவல்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. பகைத்துச் சொன்னவனுக்குப் பதில் சொல்லலாம். கணக்குச் சொல்கிறவன்போல் சொன்னவனை என்ன செய்வது?

அந்த வாரமே டூலி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அடுத்த சீசனுக்கு என் இடத்தில் வேகமான ஒரு ஸ்வீடன்காரனைப் பார்த்துவைத்திருப்பதாகச் சொன்னார். தட்டிக்கொடுத்து, காபியும் கொடுத்து அனுப்பினார். எங்கள் ஊரில் ஐஸில் இல்லாதவன் நிக்கல் சுரங்கத்தில் இருப்பான். என் அப்பா அங்கே இறங்கி இருமிக்கொண்டே செத்தார். முப்பத்துநான்கு வயதில், அடிக்க மட்டும் தெரிந்த நான், அந்தக் குழிக்குள் இறங்க வேண்டும். எமிலோ பெரிய லீகுக்குப் போய்விடுவான்.

வேலியே பயிரை மேய்ந்தது என்று எழுதிக்கொள்வீர்கள். எழுதுங்கள். வேலியைப் பிடுங்கச் சொன்ன பயிரைப் பற்றி யாரும் பழமொழி சொல்லி வைக்கவில்லை.

மார்ச் மாதம் ஒரு ஆட்டத்தில் எமில் தானாகவே தடுமாறி, ஐஸைச் சுற்றியிருக்கும் பலகைச் சுவரில் தலையை மோதிக்கொண்டான். அதில் யார் கையும் இல்லை. அன்றிலிருந்து அறையில் விளக்குப் போட விடமாட்டான். வாந்தி எடுப்பான். அம்மாவுக்குப் போன் செய்ய எண்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று என்னை டயலைச் சுழற்றச் சொன்னான். கோச்சிடம் மட்டும், தலைவலி போய்விட்டது என்று சிரித்துக்கொண்டே சொல்வான். பெரிய லீகிலிருந்து அவனைப் பார்க்க ஆள் வரப்போகிறார், ஆடாமல் வெளியே உட்கார அவனுக்கு மனமில்லை. டூலிக்கும் அவனை உட்கார வைக்க மனமில்லை.

கோப்பை ஆட்டங்கள் தொடங்கிவிட்டால் எந்த டீமும் அடிபட்ட இடத்தை வெளியே சொல்லாது. சொன்னால் எதிராளி அதே இடத்தில் போடுவான். இடுப்புக்கு மேல், இடுப்புக்குக் கீழ், இவ்வளவுதான் பத்திரிகைக்குக் கொடுப்பார்கள், அதையும் மாற்றிக் கொடுப்பார்கள். எமிலுக்கு இடுப்புக்குக் கீழ் என்று கொடுத்தார்கள். தலை என்பது டூலிக்கும் டாக்டருக்கும் எனக்கும்தான் தெரியும்.

அரையிறுதியில் எங்களுக்கு எதிராக வந்தது பென்னரின் டீம். ஆட்டத்துக்கு முதல்நாள் சாயங்காலம் எங்கள் ஊரில் அவனைச் சாப்பிட அழைத்துப் போனேன். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் வேலை போகும்போல் இருந்தால் மற்றவன் அவன் ஊர்க்காரர்கள் முன்னால் ஒரு சண்டை கொடுப்பான். அவனுக்கு நான் கொடுத்திருக்கிறேன். இப்போது எனக்கு வேண்டும் என்றேன். உடனே சரி என்றான். பையனை ஒரு இடி இடித்துவிட்டு அப்புறம் என்னோடு மோது என்றதும் முகம் சுளித்தான்.

"நாம ரெண்டு பேரும் மோதிக்கலாம்டா. சின்னப் பையன் எதுக்கு நடுவுல?"

காரணமில்லாத சண்டைக்கு மதிப்பில்லை, காவல் வேண்டும் என்பது டூலியின் கண்ணில் பட வேண்டும் என்று எடுத்துச் சொன்னேன். அவன் இறைச்சியை வெகுநேரம் மென்றுகொண்டிருந்தான். பிறகு கேட்டான்:

"பேப்பர்ல இடுப்புக்குக் கீழன்னு போட்டிருக்கான். நெசமாவே காலா? நீ சொல்லு, பட்ட இடத்துல நான் போட மாட்டேன்."

பென்னர் அப்படிப்பட்ட ஆள். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவன்.

"கால்தான்டா. முட்டி. அதைத் தொட்டுடாத, பொழப்பே போயிடும் அவனுக்கு. மேலயே இடி."

"சரி. காலுக்கு ஒண்ணும் ஆகாம பாத்துக்கறேன்" என்றான். நான் சொன்னதை அவன் சந்தேகப்படவே இல்லை.

ஏன் பொய் சொன்னாய் என்று கேட்க வருகிறீர்கள், தெரிகிறது. தலை என்று சொல்லியிருந்தால் அவன் தொட்டிருக்கவே மாட்டான். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

மறுநாள் ஆட்டத்தின் இரண்டாவது பகுதியில் எமில் கோல் வலைக்குப் பின்னால் பக்கைத் தள்ளிக்கொண்டு சுற்றி வந்தான், தலையைக் குனிந்தபடி. பென்னர் எதிரே வந்தான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அப்படி ஒருவன் வந்தால் நாங்கள் 'தலையைத் தூக்கு' என்று கத்துவோம். அது யோசித்துச் செய்வதல்ல, சின்ன வயதிலிருந்து தொண்டை தானாகச் செய்கிற வேலை. நான் பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டேன். அன்று எனக்குக் கஷ்டமாக இருந்தது அது ஒன்றுதான்.

பென்னர் சொன்ன சொல் தவறவில்லை. கடைசி நொடியில் தன் முழங்காலை விலக்கிக்கொண்டான். தோளை மட்டும் உயர்த்தினான். எமில் விழுந்தான். அவன் ஒரு கால் மட்டும் கொஞ்ச நேரம் ஐஸில் துடித்துக்கொண்டிருந்தது.

நான் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனேன். பென்னர் தன் கையுறையைக் கழற்றவில்லை. பையனின் காதிலிருந்து வழிந்த ரத்தத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என்னைப் பார்த்தான்.

"கால்னு சொன்னியேடா."

அந்த இரைச்சலில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. அதை அவன் இரண்டாவது தடவை சொல்லக் கூடாது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. முதலில் அவன் ஹெல்மெட்டைக் கழற்றினேன். அப்புறம் வாய், தாடை. அவன் கையைத் தூக்கவே இல்லை. விழுந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. நடுவர்கள் என்னை இழுத்துக்கொண்டு போனபோது அரங்கம் முழுக்க எழுந்து நின்று என் பெயரைச் சொல்லிக் கத்தியது. பதினோரு வருடத்தில் எனக்காக அவர்கள் எழுந்து நின்றது அன்றுதான். சில பெண்கள் அழுதார்கள். அடுத்த நாள் டூலி பத்திரிகையில், டார்சி கொவால் இல்லாமல் இந்த டீமில் எவனுக்கும் பாதுகாப்பில்லை என்று சொன்னார். ஸ்வீடன்காரன் வரவில்லை. இன்னும் இரண்டு சீசன் ஆடினேன்.

பென்னருக்குத் தாடையில் கம்பி, ஒரு கண் போயிற்று. கம்பியை எடுத்த பிறகும் அவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இடித்தது தன் தோள்தானே என்று நினைத்திருப்பான். நல்லவர்களோடு இது ஒரு வசதி.

எமில் சாகவில்லை. அவன் அம்மா வீட்டில் ஜன்னலோரம் நாற்காலியில் இருக்கிறான். பேச்சு வராது, ஸ்பூன் பிடிக்க வராது. வாராவாரம் போகிறேன். கூட ஆடியவர்களில் இன்னும் போகிறவன் நான் ஒருவன்தான். அந்த அம்மா இறைச்சிப் பணியாரம் சுட்டு வைத்திருப்பாள். "நீங்க வர்ற அன்னிக்கு மட்டுந்தான் தம்பி அவன் சத்தம் போடறான், சந்தோஷம் அவனுக்கு" என்பாள். நான் அவனுக்கு ஊட்டிவிடுவேன், வாயைத் துடைத்துவிடுவேன். கிளம்ப எழுந்தால் என் சட்டைக் கையைப் பிடித்து இறுக்கிக்கொண்டு, கண்ணை விரித்து, தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் எழுப்புவான். அந்தப் பிடியை விடுவிக்க அவன் அம்மாவும் வர வேண்டும்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் இல்லாமல் அவனால் முடியாது. அன்றைக்கே அவன் இதை ஒத்துக்கொண்டிருந்தால், யாரும் யாரையும் இடித்திருக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது.