ஆடித் தள்ளுபடியில் ஒரு நோயாளி

நெடுஞ்செழியன்: ஈராயிரம் ஆண்டுகளாக இந்தத் தமிழ் மண் உலகுக்கு ஈந்த செல்வங்கள் இரண்டு. ஒன்று முத்து. மற்றொன்று செவிலியர். அன்று கொற்கையிலிருந்து கலம் ஏறியது முத்து. இன்று தியாகராய நகரிலிருந்து, என் வழியாக, விமானம் ஏறுகிறார்கள் செவிலியர்...

சரண்யா: சார், அந்த ஃபேன் சுத்துமா?

நெடுஞ்செழியன்: சுத்தாது. ...எதில் விட்டேன்?

ஜொவிட்டா: விமானம் ஏறிட்டோம் சார்.

நெடுஞ்செழியன்: ஏறிவிட்டீர்கள். ஆனால் எப்படிப் போய் இறங்குவது? பாதை இரண்டு. ஒன்று, வெளிநாட்டு ஆஸ்பத்திரியே உங்களை நேரடியாக வேலைக்கு எடுத்துக்கொள்வது. கேட்க இனிக்கும். ஆனால் அது அனாதைப் பாதை. இறங்கிய இடத்தில் 'வா மகளே' என்று சொல்ல ஒரு நாதி இருக்காது. மற்றொன்று...

சரண்யா: நீங்க.

நெடுஞ்செழியன்: நான் என்று சொல்லமாட்டேன். நிறுவனம். நீங்கள் எங்கள் ஊழியர். அங்கே உள்ள எங்கள் பங்காளி நிறுவனம், எங்கே தேவையோ அங்கே உங்களை அனுப்பிவைக்கும். மூன்றாண்டு ஒப்பந்தம். ஒப்பந்தம் என்பதைவிட, மூன்றாண்டு தாய்மடி.

ஜொவிட்டா: எங்க தேவையோன்னா... ஐசியு-தானே சார்? நான் நர்ஸானதுலேர்ந்து ஐசியு-லதான் இருக்கேன்.

நெடுஞ்செழியன்: ஐசியுவாக இருக்கலாம். முதியோர் இல்லமாக இருக்கலாம். சேவையில் உயர்வு தாழ்வு உண்டா, மகளே?

சரண்யா: நடுவுல புடிக்கலன்னா?

நெடுஞ்செழியன்: தாய்மடியை யாராவது பிடிக்கவில்லை என்பார்களா?

சரண்யா: சொன்னா?

நெடுஞ்செழியன்: அதற்கு ஒப்பந்தத்தில் ஒரு பத்தி இருக்கிறது. அதை இப்போது படிக்க வேண்டாம். மனம் சஞ்சலப்படும். இதோ பேனா. தங்க முலாம். சிங்கப்பூர் அன்பர்கள் கொடுத்தது. இதை எல்லார் கையிலும் நான் கொடுப்பதில்லை.

ஜொவிட்டா: சார், எங்க ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எல்லாம்... சரிபார்க்கணும்னு மார்கழியில வாங்கினீங்க. ஆடி வந்துருச்சு.

நெடுஞ்செழியன்: அந்த இரும்பு அலமாரியில் பத்திரமாக உறங்குகின்றன. கையெழுத்திட்ட மறுகணம் உங்கள் கையில்.

சரண்யா: போடலன்னா?

நெடுஞ்செழியன்: உறங்கும். ...ஒரு நிமிடம், அழைப்பு. வணக்கம் அண்ணே. ஆமாம், ஞாயிற்றுக்கிழமைதான், தேனாம்பேட்டை மண்டபம். பட்டமா? 'செவிலியர் குலத் தந்தை'. நீங்களாகக் கொடுப்பது, நான் என்ன சொல்ல? மாலை மட்டும் ரோஜா வேண்டாம் அண்ணே, உதிரும். ஏலக்காய். ஹலோ... ஹலோ... இருங்கள், வெளியே வருகிறேன்.

சரண்யா: போயிட்டாரு. நாளைக்குக் காலைல உனக்கு விசா அப்பாயின்ட்மென்ட். ஒரிஜினல் இல்லாம அங்க போய் இன்னாத்த காட்டுவ, மூஞ்சியவா?

ஜொவிட்டா: மெதுவா பேசுடி. ஆஸ்பத்திரியே நேரா என்னை எடுத்துடுச்சுன்னு தெரிஞ்சா, அலமாரிக்கு இன்னொரு பூட்டு வாங்கிடுவாரு.

சரண்யா: உங்கம்மா சாந்தோம் சர்ச்சுல முட்டி போட்டுக்கினு கீறாங்க. நீ இங்க தாய்மடில ஒக்காந்துக்கினு கீற.

ஜொவிட்டா: சிரிக்க வைக்காத.

சரண்யா: எனக்கு இன்டர்வியூ அடுத்த வாரம்தான். அது ஊத்திக்கிச்சுன்னா? பேசாம இதுல ஒரு கையெழுத்து...

ஜொவிட்டா: அந்தப் பேனாவத் தொட்டேன்னு வை, கையில கேனுலா ஊசியக் குத்திருவேன். அங்க வேலை பார்க்கற அக்கா என்ன சொன்னாங்க நம்மகிட்ட?

சரண்யா: ஞாபகம் கீது. ஆனா இவரு மூஞ்சியப் பார்த்து அத எப்படி சொல்றது?

ஜொவிட்டா: சொல்ல வேணாம். கேட்போம். பேஷன்ட் வந்தா என்ன பண்ணுவோம்? கேள்விதானே கேட்போம்.

சரண்யா: பேஷன்ட்டுக்கு எங்க போறது? பயிற்சிக்கு வச்சிருந்த பொம்மையவே காணோம்.

ஜொவிட்டா: வராரு பாரு.

நெடுஞ்செழியன்: மன்னிக்கவும். சமுதாயம் அழைத்தால் எடுக்காமல் இருக்க முடிவதில்லை. இன்றைய பயிற்சி என்ன?

ஜொவிட்டா: ஓஸ்கி சார். அங்க போனதும் வைக்கிற செய்முறைத் தேர்வு. பேஷன்ட்ட விசாரிச்சு, டெம்பரேச்சர், பல்ஸ் எல்லாம் பார்க்கணும். ஆனா நம்ம பேஷன்ட்...

நெடுஞ்செழியன்: கீழே ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி. பொம்மை அவர்களுடையது. இரவல் வாங்கியிருந்தோம். திரும்ப எடுத்துப் போய்விட்டார்கள்.

சரண்யா: வரும்போது பார்த்தேன் சார். பட்டுப்புடவை கட்டி வாசல்ல நிக்க வச்சிருக்காங்க. போன வாரம் நான் ட்ரிப்ஸ் போட்ட கையில, ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு போர்டு.

ஜொவிட்டா: அது இருந்தும் பிரயோஜனமில்ல. கை எப்பவும் இடுப்புலயே இருக்கு, பிபி கட்ட முடியல. நிஜமான ஆளு ஒருத்தர் இந்தக் கட்டில்ல படுத்தாத்தான்...

நெடுஞ்செழியன்: ஆளுக்கு எங்கே போவது?

சரண்யா: செவிலியர் குலத் தந்தை இங்கயே இருக்கும்போது...

நெடுஞ்செழியன்: நானா?

சரண்யா: ஒரு ஃபோட்டோ எடுத்தா ஞாயித்துக்கிழமை ஸ்க்ரீன்ல போடலாம்.

நெடுஞ்செழியன்: ...எந்தப் பக்கம் தலை வைக்க வேண்டும்?

ஜொவிட்டா: செவுத்துப் பக்கம் சார். சரி, ஆரம்பிக்கறேன். வணக்கம், என் பேர் ஜொவிட்டா. இன்னிக்கு உங்களைக் கவனிச்சுக்கப்போற நர்ஸ். உங்க முழுப் பேர் சொல்லுங்க.

நெடுஞ்செழியன்: முத்தமிழ்ச் செம்மல், கடல்கடந்த காவலர், டாக்டர்...

சரண்யா: ஆதார்ல கீற பேரு சார்.

நெடுஞ்செழியன்: க. நெடுஞ்செழியன்.

ஜொவிட்டா: பிறந்த வருஷம்?

நெடுஞ்செழியன்: தேர்வுக்கு அது அவசியமா?

ஜொவிட்டா: தப்பா இருந்தா ஆள் மாறி மருந்து போயிடும் சார்.

நெடுஞ்செழியன்: அறுபத்து நாலு.

சரண்யா: மாடிப்படில கீற பேனர்ல, போன வருஷம்தான் ஐம்பதாவது பிறந்தநாள்னு...

ஜொவிட்டா: பேஷன்ட்ட கலாய்க்காத. வீட்டுல யார் யார் சார் இருக்கீங்க?

நெடுஞ்செழியன்: நானும் துணைவியாரும். ஒரே மகள், வெளிநாட்டில்.

ஜொவிட்டா: என்ன பண்றாங்க?

நெடுஞ்செழியன்: பணியில் இருக்கிறாள்.

ஜொவிட்டா: என்ன பணி? கேஸ் ஷீட்ல எழுதணும்.

நெடுஞ்செழியன்: ...செவிலியர்.

ஜொவிட்டா: அவசரம்னா அவங்களைத்தானே கூப்பிடணும்? பேரு?

நெடுஞ்செழியன்: தீபிகா.

சரண்யா: உங்க தலைக்கு மேல ஒரு பெரிய படம் மாட்டியிருக்கீங்களே சார், பனியில ஒருத்தங்க நிக்கிற மாதிரி. 'நம் நிறுவனம் கடல் கடத்திய முதல் முத்து, செல்வி தீ.' தீ-ன்னா...

நெடுஞ்செழியன்: முன்னெழுத்து மட்டும் போடுவது ஒரு நாகரிகம்.

ஜொவிட்டா: அவங்க உங்க நிறுவனம் வழியாத்தான் போனாங்களா சார்?

நெடுஞ்செழியன்: இதெல்லாம் தேர்வில் வருகிற கேள்வியா, மகளே?

ஜொவிட்டா: வராது. வாயத் தொறங்க, தெர்மாமீட்டர்.

நெடுஞ்செழியன்: அதாவது, குடும்பம் வேறு, கொள்...

ஜொவிட்டா: நாக்குக்கு அடியில. மூடிக்கோங்க. கடிச்சிராதீங்க, பழைய கண்ணாடி, உள்ள பாதரசம். நான் எடுக்கிற வரைக்கும் பேசக்கூடாது.

நெடுஞ்செழியன்: ம்.

சரண்யா: இந்த ரூமு இவ்ளோ அமைதியா இருந்து நான் பார்த்ததே இல்ல.

ஜொவிட்டா: நீ பல்ஸப் புடி. சார், சும்மாதானே படுத்திருக்கீங்க, ஒரு விஷயம் சொல்றேன். எனக்கு வேலை கெடைச்சிருச்சு. நேரடியா. ஐசியு-லயே.

நெடுஞ்செழியன்: ம்ம்?

ஜொவிட்டா: எழுந்திரிக்காதீங்க, பாதரசம். அப்புறம் நீங்க சொன்னீங்களே, இறங்கின இடத்துல வான்னு சொல்ல நாதி இருக்காதுன்னு. இருக்கு. ஏர்போர்ட்டுக்கே வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காங்க. அதே ஆஸ்பத்திரிலதான் வேலை பார்க்கறாங்க. தீபிகா அக்கா.

நெடுஞ்செழியன்: ம்ம்ம்ம்.

சரண்யா: பல்ஸ் எகிறுது, ஜொவி.

ஜொவிட்டா: குறிச்சுக்கோ. ஞாயித்துக்கிழமை விழாவுல அக்காவ வீடியோல வந்து பேசச் சொல்லியிருக்கீங்களாமே. தந்தையின் நிறுவனம் என்னை எப்படிக் கரை சேர்த்ததுன்னு. உள்ளபடியே பேசறதா, உங்களுக்காகப் பேசறதான்னு எங்களைக் கேட்டாங்க.

நெடுஞ்செழியன்: ம்ம். ம்ம்ம்.

ஜொவிட்டா: நாங்க ஒண்ணும் சொல்லல சார். ஒரிஜினல் கைக்கு வந்ததும் யோசிச்சு சொல்றோம்னோம்.

சரண்யா: பேஷன்ட் சம்மதம் இல்லாம நாங்க எதையும் தொட மாட்டோம். அதான் ரூலு. உங்க சட்டைப் பையில கீற அலமாரி சாவிய எடுத்துக்கலாமா? தலையாட்டினா போதும்.

நெடுஞ்செழியன்: ...

சரண்யா: ஆட்டலயே.

ஜொவிட்டா: அவசரப்படுத்தாத. பெரிய மண்டபம்... ஏலக்காய் மாலை... அவ்ளோ பெரிய ஸ்க்ரீன்...

நெடுஞ்செழியன்: ம்.

சரண்யா: ஆட்டிட்டாரு. நல்லாவே ஆட்டிட்டாரு. இந்தா, தொறந்துருச்சு. என்னுது... உன்னுது... ஜொவி, என் டிகிரி மேல வட்டமா காபிக் கறை. யாரோ டம்ளர் வச்சிருக்காங்க.

ஜொவிட்டா: தூக்கத்துல ஏதாவது குடிச்சிருக்கும். உள்ள இன்னும் கட்டுக் கட்டா இருக்கே?

சரண்யா: மத்த பொண்ணுங்களுது. நிஷா, அஃப்ரா, நம்ம ஜானு... எல்லாருதும் கீது.

ஜொவிட்டா: சார், கடைசியா ஒரு கேள்வி. அவங்க எல்லாரையும் நாளைக்கே வந்து வாங்கிக்கச் சொல்லட்டா? கையெழுத்து இல்லாம?

நெடுஞ்செழியன்: ம்ம்ம்...

ஜொவிட்டா: அக்காவுக்கு இப்பவே மெசேஜ் போடறேன், அப்பா ஒத்துக்கிட்டாருன்னு. போடட்டா?

சரண்யா: ஆட்டினாரு. கண்ண மூடிக்கினு ஆட்டினாரு.

ஜொவிட்டா: ரொம்ப நன்றி சார். இப்ப எடுக்கறேன். தொண்ணூத்தி எட்டு புள்ளி நாலு. காய்ச்சல் இல்ல. நீங்க நல்லா இருக்கீங்க.

நெடுஞ்செழியன்: அடிப்பாவிங்களா...

சரண்யா: அப்பாடா, தமிழ் வந்துருச்சு.

நெடுஞ்செழியன்: பேசாதே. எழுப்பிவிடு. ...நன்று. போங்கள். இரண்டு பேரும் அந்த அனாதைப் பாதையிலேயே போங்கள். நான் வருந்தமாட்டேன். பெற்ற மகளே என் சொல் கேட்கவில்லை, நீங்கள் எம்மாத்திரம்?

ஜொவிட்டா: அக்கா கேட்கலயா சார்?

நெடுஞ்செழியன்: இதே மேசையில், இந்த ஒப்பந்தத்தை விரித்து வைத்து மன்றாடினேன். கையெழுத்திடு மகளே, தந்தையின் நிழலில் போ என்றேன். உதறிவிட்டுப் போனாள். அந்த வலியை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சரண்யா: ஐயோ பாவம்.

நெடுஞ்செழியன்: ஆனாலும் தந்தை அல்லவா? ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேர் முன்னிலையில், அந்த மேடையிலேயே, அவளை நான் மன்னித்துவிடுவேன்.

ஜொவிட்டா: மன்னிக்க வேணாம் சார். அக்கா கையெழுத்துப் போட இங்க வந்து ஒக்காந்தாங்களாம். நீங்கதான், ஏம்மா, உனக்கென்ன பைத்தியமான்னு கேட்டு, இந்தப் பேனாவ அவங்க கையிலேர்ந்து புடுங்கிட்டீங்களாம்.