மீனுக்கு அஞ்சு நிமிஷக் கோபம்

காலையில் நகரியிலிருந்து திருப்பதி போகும் ரயிலில், என் எதிர் சீட்டில் வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள்.

“எங்கூட்டு மீனுக்கு தினம் அஞ்சு நிமிஷம் கோவம் வரணும்க்கா,” என்றாள் இளையவள்.

“மீனுக்கா?”

“ஃபைட்டர் மீனு. கண்ணாடி காட்னா, வேற மீனுன்னு நெனச்சி செவுள விரிச்சிக்கினு சண்டைக்கு வரும். அதான் அதுக்கு வெளையாட்டு. அப்றம் கண்ணாடிய எடுத்துடணும். நேத்து எங்கூட்டுக்காரரு, பாவம் தனியா இருக்குதேன்னு, அவரோட ஷேவிங் கண்ணாடிய தொட்டியாண்ட சாச்சி வெச்சிட்டு டியூட்டிக்குப் போய்ட்டாரு. பகலெல்லாம் சண்ட போட்டுக்கினே இருந்துக்குது. அப்றம் தீனியே துன்னல.”

“இன்னிக்கி?”

அவள் கைப்பையைத் திறந்து காட்டினாள். சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் அந்தக் கண்ணாடி.

“அப்ப அவரு எப்டி ஷேவ் பண்ணுவாரு?”

“மொதல்ல மீனு துன்னட்டும்க்கா. அதுவரைக்கும் அவரு தாடி வளக்கட்டும்.”