எதிரணி இல்லாத ஆட்டம்

கடையில் ஆடும் கால்பந்து வீடியோ கேமும் வீட்டில் ஆடுவதும் ஒன்றல்ல, மேடம். வாங்கும்போது எனக்கும் அது தெரியாது.

கடையில் நின்றுகொண்டுதான் ஆட வேண்டும். ஒரு கைப்பிடி, இரண்டு பொத்தான். காசு போட்டால் மூச்சு விடுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். ஜெயிக்க ஜெயிக்க எதிரணி கெட்டியாகிக்கொண்டே போகும். தோற்றால்தானே அடுத்த காசு விழும்? பக்கத்தில் தோள் இடிக்க யாராவது நிற்பார்கள். என் தம்பிக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றாள். சலவைக் கடையில் வேலை பார்ப்பவள். அவனைத் தோற்கடித்துவிட்டாளாம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அம்மா போன பிறகு அவனை வளர்த்தது நான். அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போகப்போகிறேன் என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். நான் வீட்டில் ஆடும் பெட்டியை வாங்கி வந்தேன்.

அதில் உட்கார்ந்து ஆடலாம். நடுவில் நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எதிரணி எவ்வளவு கெட்டி என்பதை நாமே முடிவு செய்யலாம். அவன் குளிக்கப் போனபோது அதை மிகக் குறைவில் வைத்தேன். ஜெயிக்கட்டும் என்றுதான்.

"என்னக்கா இது, கோல்கீப்பர் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறான். நீ ஆடினாகூட ஜெயிச்சிடுவ," என்று சிரித்தான். சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டான்.

என் தவறு அப்போதுதான் புரிந்தது. ஆட்டத்தைச் சுலபமாக்கினால் போதாது. ஆடுகிறவனும் கொஞ்சம் மெதுவாக வேண்டும்.

எனக்கு டாக்டர் கொடுத்த தூக்க மாத்திரை இருந்தது. அவன் பாலில் பாதி கலந்தேன். "என்ன மாப்ள, கைக்கு லீவு விட்டுட்டியா?" என்று கடையில் கேலி செய்தார்களாம். அதன்பின் அவன் அங்கே போகவில்லை. பாதி முழுசாயிற்று. பிறகு காலையிலும்.

அந்தப் பெண் வந்தாள். "ஃபோனே எடுக்க மாட்டேங்கறார். ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்கா." உள்ளேயிருந்து அவன் கூப்பிடத்தான் செய்தான். நாக்கு குழறி, குரல் எழும்பாததால் அவளுக்குக் கேட்கவில்லை. "உன்னைப் பாக்க அவனுக்கு இஷ்டமில்லைம்மா," என்றேன். அழுதுகொண்டே போனாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

போகப்போக கன்ட்ரோலர் அவன் கையில் நிற்கவில்லை. இரண்டு பேருடைய கன்ட்ரோலரையும் நானே வைத்துக்கொண்டு ஆடினேன். அவன் அணிதான் ஜெயிக்கும். கோல் விழும்போதெல்லாம் அவன் வாயோரத்தைத் துடைத்துவிடுவேன். "போதும்க்கா," என்றான் ஒருநாள். ஆட்டத்தைச் சொல்கிறான் என்று டிவியை நிறுத்தினேன்.

நேற்று காலையில் தொட்டுப் பார்த்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. மாத்திரை கொடுத்தது நான்தான். மறுக்கவில்லை. ஆனால் அவனை அடைத்து வைத்திருந்தேன் என்கிறீர்களே, அது மட்டும் சரியில்லை. வாசல் கதவுக்கு நான் ஒருநாளும் தாழ் போட்டதில்லை, மேடம். அவன்தான் போகவில்லை.