முப்பதாவது கிலோமீட்டருக்கு அப்புறம்

— உக்காராதீங்க டிரைவர். இப்ப உக்காந்தா அப்புறம் எழுந்திரிக்கவே முடியாது.

— நான் எங்கக்கா உக்காந்தேன்? கால் தானா மடங்கிக்கிச்சு. அண்ணே, இந்த ஷூவைக் கொஞ்சம் இழுத்து விடேன்.

— கெண்டைக்கால் கல்லாட்டம் இருக்கேடா. எப்பலேர்ந்து?

— இருபத்தாறாவது கிலோமீட்டர்லேர்ந்து. சொன்னா நீங்க ரெண்டு பேரும் நின்னுடுவீங்கன்னுதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓடி வந்தேன். இப்ப முப்பத்திரெண்டு. அதோ போர்டு நிக்குது பாருங்க. இன்னும் பதினெட்டு சத்தியமா என்னால ஆகாது. தண்ணி குடுக்கற பசங்ககிட்ட வண்டிக்குச் சொல்லிட்டேன். தினம் அறுபது புள்ளைங்களை ஸ்கூலுக்கு ஏத்திட்டுப் போறவனை இன்னைக்கு இன்னொருத்தன் ஏத்திட்டுப் போகப் போறான்.

— அப்ப நாங்களும் நின்னுடறோம். மூணு பேரும் சேர்ந்து ஓடறதுன்னுதானே பேச்சு?

— நின்னே, சத்தியமா உன்னோட பேச மாட்டேண்ணே. ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு எதுக்கு ஓடினோம்? கடலோரமா அம்பது கிலோமீட்டர், ஒரு தடவையாவது. அக்கா செவ்வாய்க்கிழமை பிளேன் ஏறிடுவாங்க. அவங்களுக்கு இதை விட்டா ஏது அடுத்தது? மூணு ரெண்டாயிடுச்சு. அதோட இருக்கட்டும்.

— உங்களைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது?

— எனக்கென்னக்கா, ரெண்டு வாழைப்பழத்தைத் தின்னுட்டு எல்லைக்கோட்டுல சேர் போட்டு உக்காந்திருப்பேன். மனசுல கெடக்கறதையெல்லாம் பேசிக்கிட்டே போங்க, தூரம் தெரியாது. முப்பது தாண்டியாச்சுல்ல? நம்ம சட்டம் இருக்கு.

— உங்க சட்டம்னு சொல்லுங்க. முப்பதாவது கிலோமீட்டருக்கு மேல பேசினது எதுவும் வீட்டுக்கு வரக் கூடாது. அப்புறம் யாரும் அதை வாயில எடுக்கக் கூடாது.

— பின்னே? மொத தடவை முப்பது தாண்டினப்போ என் தம்பியை நெனச்சு ஓன்னு அழுதேன். மறுநாள் இந்த அண்ணன் டீக்கடையில நாலு பேர் முன்னாடி, 'ஏன்டா, தம்பி விஷயம் என்னாச்சு'ன்னு கேட்டுச்சு. மானமே போச்சு. அன்னைக்குப் போட்ட சட்டம். கெளம்புங்க, பின்தங்கினவங்களை ஏத்தற கடைசி வண்டி வந்து உங்களையும் அள்ளிக்கிட்டுப் போயிடப் போகுது.

— சரி, பாத்துக்கலாம். வர்றேன்டா. நீங்க முன்னாடி போங்க மேடம். இல்ல, எதிர்க்காத்தா இருக்கு, என் பின்னாடியே வாங்க.

— நீங்க மறைக்கற அளவுக்கு அகலமா இல்லையே லிஃப்ட்காரரே.

— பாதிக் காத்தாவது மிச்சமாகும்ல?

— அதுவும் சரிதான். உதடெல்லாம் ஒரே உப்பு. இந்தப் பக்கம் முழுக்கக் கடல், ஒரு வாய் குடிக்க முடியல.

— இந்தாங்க, என் பாட்டில்ல கொஞ்சம் இருக்கு. பெட்டியெல்லாம் கட்டியாச்சா?

— ரெண்டு பெட்டி. கண்ணாடிக் கடைச் சாவியையும் நேத்து குடுத்துட்டேன். இருபத்திரெண்டு வருஷமா லென்ஸ் தேய்ச்ச மெஷின். தொடச்சு, உறை போட்டு மூடினேன். முதலாளி என்னமோ சொன்னாரு, காதுலயே விழல. விடுங்க.

— பொண்ணுக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும்.

— இருக்காதா? பேரனுக்கு எட்டு மாசம். போன்ல என்னைப் பாத்தாலே கையை நீட்டறான். 'இனிமே எங்களோடவே இருந்துடும்மா'ங்கறா. எனக்கும் அவனைத் தூக்கணும்னு கை பரபரங்குது.

— வருஷத்துக்கு ஒரு தடவையாவது வருவீங்கல்ல?

— எதுக்கு வரணும்? வீட்டை வாடகைக்கு விட்டாச்சு. இங்க எனக்காக யாரு வாசல்ல நிக்கறாங்க?

— டிரைவர் இருக்கான். நான் இருக்கேன்.

— ஞாயித்துக்கிழமை காலையில மட்டும்.

— போர்டைப் பாருங்க, நாப்பது. இதுக்கு மேல நாம ஓடினதே இல்ல.

— எனக்கு முட்டிக்குக் கீழ கால் இருக்கான்னே தெரியல. என்ன, நின்னுட்டீங்க?

— நிக்கல. கொஞ்ச தூரம் நடக்கலாம். ஒண்ணு சொல்லணும். சட்டப்படி சொல்றேன், சட்டப்படி இங்கேயே போட்டுட்டுப் போயிடுங்க.

— சொல்லுங்க.

— நீங்க போகக் கூடாது.

— என்ன பேசறீங்க?

— அப்படிச் சொல்ல எனக்கு ஒரு உரிமையும் கெடையாது. தெரியும். பேரனைப் பாக்கப் போறவங்களைத் தடுக்கறது பாவம், அதுவும் தெரியும். ஆனா அந்த ஒரு ஞாயித்துக்கிழமைக்காகத்தான் மேடம் மத்த ஆறு நாளும் நான் எழுந்திரிக்கறேன். லிஃப்ட் குழிக்குள்ள நின்னு கம்பிக்கு கிரீஸ் போடறப்போகூட உங்ககிட்டதான் பேசிக்கிட்டு இருக்கேன். மேல இருக்கற பையன், 'யாரோட சார் பேசறீங்க'ங்கறான்.

— லிஃப்ட்காரரே...

— சொல்லி முடிச்சுடறேன். உங்க கடைக்கு முதல்ல வந்தப்போ, கண்ணாடி சரியில்லைன்னு மூணு தடவை திரும்பி வந்தேன் பாருங்க. கண்ணாடி சரியாத்தான் இருந்துச்சு. அம்பத்தஞ்சு வயசுல இதையெல்லாம் சொல்லக் கூச்சமா இருக்கு. நீங்க இல்லாத ஊர்ல இருக்க எனக்குத் தெரியல. அவ்வளவுதான்.

— பதினோரு மாசம் ஆச்சு.

— எதுக்கு?

— தெரியாத மாதிரி கேக்காதீங்க. நல்ல மழை அன்னைக்கு. துறைமுகத்து மதில் பக்கம், டிரைவர் முன்னாடி ஓடிட்டாரு. நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்?

— 'மிச்ச காலத்தை உங்களோடவே கழிச்சுடலாம்னு தோணுது'ன்னு சொன்னீங்க.

— ஞாபகம் இருக்கா?

— ஒரு வார்த்தை மாறாம இருக்கு. அந்த வாரம் பூரா வேலையில புத்தியே இல்ல. மூணாவது மாடிக்குப் போக வேண்டிய லிஃப்ட்டை மொட்டை மாடியில கொண்டு போய் நிறுத்தினேன்.

— அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல? அடுத்த ஞாயிறு வந்தீங்க. குனிஞ்சு ஷூ லேஸைக் கட்டினீங்க. 'மழை விட்டுடுச்சு, நல்லதாப் போச்சு'ன்னீங்க. மழையைப் பத்தி. நான் மூணு மாசம் காத்துக்கிட்டு இருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் இன்னைக்குக் கேப்பாரு, இன்னைக்குக் கேப்பாருன்னு வந்து, அதே மூஞ்சியோட வீட்டுக்குப் போனேன். அதுக்கப்புறம்தான் பொண்ணுகிட்ட, 'வர்றேன்டி'ன்னு சொன்னேன்.

— சட்டம் இருக்கே மேடம்.

— என்ன சட்டம்?

— முப்பதுக்கு மேல சொன்னது. ஓடிக் களைச்ச அசதியில வாய் தவறி வந்திருக்கும், மறுநாள் நெனச்சு வருத்தப்பட்டிருப்பீங்கன்னு பயந்தேன். டிரைவரை டீக்கடையில கேட்டு தலைகுனிய வெச்ச மாதிரி உங்களையும் கூனிக் குறுக வெச்சுடக் கூடாதேன்னுதான் வாயை மூடிக்கிட்டேன். நீங்களா மறுபடி எடுத்தா போதும்னு நானும்தான் காத்துக்கிட்டு இருந்தேன்.

— ஒரு பொம்பளை அதை ஒரு தடவை சொல்றதே பெரிய பாடு. ரெண்டாவது தடவை வேற சொல்லணுமா?

— தப்புதான். ஆனா நீங்க சொன்ன உடனே நான் கையைத் திருப்பி வாட்சைப் பாத்தேன். முப்பத்தொண்ணு கிலோமீட்டர்னு காட்டுச்சு. நல்லா ஞாபகம் இருக்கு. ஒரு கிலோமீட்டர் முந்தி சொல்லியிருக்கக் கூடாதான்னு இந்தப் பதினோரு மாசமும் அந்த நம்பரைத்தான் திட்டிக்கிட்டு இருக்கேன்.

— அன்னைக்கு நீங்க எங்கேர்ந்து ஓட ஆரம்பிச்சீங்க?

— எப்பவும் போல பாலத்துலேர்ந்துதானே. இல்ல, அன்னைக்கு மழையில வண்டி கெளம்பல. வீட்டுலேர்ந்தே ஓடி வந்து உங்களோட சேர்ந்துக்கிட்டேன்.

— உங்க வீட்டுலேர்ந்து பாலம் எவ்வளவு தூரம்?

— ரெண்டு கிலோமீட்டர் இருக்கும். ஏன் மேடம்? ஏன் அழறீங்க?

— நானும் டிரைவரும் பாலத்துலேர்ந்துதான் ஆரம்பிச்சோம். உங்க சட்டத்துல மாட்டிக்கக் கூடாதுன்னு, என் கையில இருந்த வாட்சைப் பாத்துப் பாத்து, மூச்சு வாங்க வாங்க, இருபத்தொம்பதுலயே சொன்னேன்.